எண்ணெயில் கரைந்த அரியதரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கலியாண வீட்டுப் பந்தியில். பக்கத்தில் இருந்த பெண் எனக்கு முன்பின் தெரியாதவர். இலையில் வைத்த அரியதரத்தை விரல் நுனியால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, தன்பாட்டில் சொன்னார்: "ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்திலை எங்கடை சொந்தத்துக்குள்ளை ஒரு பலகாரச் சூட்டிலை அரியதரம் எண்ணெய்க்குள்ளை கரைஞ்சு போச்சுது. அதுக்கு ஒரு பொம்பிளையைக் கலைச்சவை."

யாரை அப்படித் துரத்தினார்கள், ஏன் என்று நான் கேட்பதற்குள் பாயசம் வந்தது. பாயசத்தோடு வேறு கதை வந்தது. கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை.

அவ்வளவுதான் என் கையிருப்பு. இதற்கு மேல் வரும் பெயர்கள், ஊர், குற்றம், குற்றவாளி எல்லாம் நான் உண்டாக்கியவை. சந்தேகப்படுவதென்றால் முதலில் என்னில் தொடங்குங்கள். பிறகு அந்த வீட்டுக்குள் வாருங்கள். அங்கும் அதற்குக் குறைவில்லை.

2

தொடக்கம் ஒன்று: பர்மாவை ஜப்பான்காரர் பிடித்த பிறகு கப்பலில் அரிசி வருவது நின்றுபோனது. அரசாங்கம் கூப்பன் கொடுத்தது. அரிசிக்கும் சீனிக்கும் சனங்கள் வரிசையில்

(நிறுத்திவிட்டேன். பொய்யில்லை, ஆனால் சரித்திரப் பாடம் எடுக்கும் குரல். அரிசி தட்டுப்பாடாக இருந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

தொடக்கம் இரண்டு: கலியாணப் பெண் பத்மாசினி யன்னலோரம் நின்று, முற்றத்தில் அடுப்பு மூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மனமோ

(மனம் எங்கே? மச்சான்காரனிடமா? அப்படி எழுதினால் மிச்சக் கதையை நீங்களே எழுதிவிடுவீர்கள். பத்மாசினிக்குப் பேசிய மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அவளை அந்த நிம்மதியோடு விட்டுவிடுகிறேன்.)

தொடக்கம் மூன்று: அன்னப்பிள்ளைக்குத் தன் மச்சாளைப் பிடிக்காது.

இதை வெட்டக் கை வரவில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

3

அன்னப்பிள்ளைக்குத் தன் மச்சாளைப் பிடிக்காது. மச்சாள் என்றால் கணவர் முத்துக்குமாருவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் வைத்த பெயர் தெய்வநாயகி. மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து, ஞானஸ்நானம் பெற்று, தேவமலர் என்று பெயர் மாறி, நேசையா என்ற வாத்தியாரைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணக் கடலோரத்துக் கொழும்புத்துறையில் குடியிருந்தாள். முத்துக்குமாரு மட்டும் அவளை இன்னமும் 'நாயகி' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம், தான் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் பூட்டியிருந்த ஓர் அறை திறந்து மூடுவதுபோல அன்னப்பிள்ளைக்கு இருக்கும்.

சண்டிலிப்பாயில், மானிப்பாய்ச் சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் அவர்கள் வீடு. புகையிலைத் தோட்டமும் கொஞ்சம் வயலும் இருந்தன. ஒரே மகள் பத்மாசினி. அவளுக்குப் பதினாறு முடிந்த கையோடு, தேவமலர் ஒருநாள் தன் மகன் ஜோர்ஜுக்கு அவளைக் கேட்டு வந்தாள். அண்ணன் மகளைத் தன் மகனுக்குக் கேட்பது தங்கைக்கு உள்ள உரிமை. முத்துக்குமாரு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அன்னப்பிள்ளை மச்சாளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னாள்: "அந்த உரிமையை நீர் ஞானஸ்நானத்தோடை கழுவிப்போட்டீர், மச்சாள்."

தேவமலர் தேத்தண்ணிப் பேணியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு அவள் அந்த வீட்டுப் படலையைத் திறக்கவில்லை.

(அன்னப்பிள்ளை கெட்டவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக்கூடிய வீடுகள் வலிகாமப் பகுதி முழுவதும் இருந்தன. அவள் சொன்னது கொஞ்சம் அழகாக இருந்துவிட்டது, அவ்வளவுதான். அழகாக வந்த சொல்தான் நாட்பட நிற்கிறது.)

பிறகு பத்மாசினிக்கு அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கும் தம்பிஐயா என்ற பெடியனைப் பேசி நாளும் வைத்தார்கள். கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்துச் செய்வது பலகாரச் சூடு. உறவுப் பெண்கள் எல்லாரும் கூடி, முற்றத்தில் கொட்டில் போட்டு, பயற்றம் பணியாரம், முறுக்கு, அரியதரம் என்று பெட்டி பெட்டியாகச் சுட்டு அடுக்குவார்கள். இதில் அரியதரம்தான் மரியாதைக்குரியது. பச்சரிசி மாவைச் சீனிப்பாணி விட்டுப் பிசைந்து, ஒரு நாள் மூடி வைத்து, உள்ளங்கையில் வட்டமாகத் தட்டி எண்ணெயில் போடுவது. அது முழுசாகச் சிவந்து வந்தால் அந்தக் கலியாணத்துக்குக் குறையில்லை என்பார்கள். உடைந்தால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பச்சரிசிதான் கிடைக்கவில்லை. மழை பிந்தியதால் வயலில் விளைந்தது வீட்டுக்கே காணாமல் இருந்தது. வன்னியிலிருந்து கொண்டுவருவதென்றால் வழியில் அரசாங்க ஆட்கள் மறிப்பார்கள். எப்படியாவது கொண்டுவருவதாக முத்துக்குமாரு மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒருநாள் பின்னேரம் கடகம் நிறைய மாவோடு வந்து இறங்கினார். அரிசி கிடைத்தது என்றும், வீட்டு உரல் முறுக்கு மாவுக்கே ஓயாமல் நிற்பதால் வெளியில் இடிப்பித்துக்கொண்டு வந்ததாகவும் சொன்னார். வெள்ளைத் துணியை விலக்கிப் பார்த்தபோது அன்னப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. இந்த மனிசன் சொன்னதைச் செய்துவிட்டார் என்று நினைத்தாள்.

அதே பின்னேரம், கால் கழுவிக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். நாயகியைச் சூட்டுக்கு வரச் சொல்லி வந்திருக்கிறாராம்.

4

சூட்டு நாள் விடிய வெள்ளனவே தேவமலர் வந்துவிட்டாள். கையில் துணி சுற்றிய ஒரு தகரப் பேணி. அதைச் சபையில் கொடுக்காமல், அன்னப்பிள்ளையைக் குசினி மூலைக்குக் கூப்பிட்டுத் தந்தாள். என்னவென்று அன்னப்பிள்ளை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வாங்கிய அன்னப்பிள்ளை அதைத் திறக்காமலே பெட்டகத்தின் மேல், யாருக்கும் கை எட்டாத உயரத்தில் வைத்தாள். மற்றச் சாமான்களோடு அதைச் சேர்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. வேதக்காரர் வீட்டுச் சாமான் என்பது ஒரு காரணம். கோபத்தோடு போன ஒருத்தி சிரித்த முகத்தோடு கொண்டுவந்த சாமான் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

(எனக்கும் அப்படித்தான் இருந்தது. தேவமலர் படலையைத் திறந்து வந்த வசனத்தை எழுதியதும், இவள் எதற்காக வந்தாள் என்று நானே யோசிக்கத் தொடங்கினேன். அண்ணன் கூப்பிட்டார், வந்தாள். அது போதுமா? அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு நானென்றால் வந்திருப்பேனா?)

கொட்டிலில் அடுப்பு மூட்டியாயிற்று. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் குத்தி அடுப்படியில் வைத்தாயிற்று. முதலாவதாகச் சுட்டு எடுப்பதை அவருக்குப் படைத்த பிறகுதான் மற்றவர் வாயில் படலாம். மாப்பிள்ளையின் பெரியதாய் சின்னத்தங்கம், சம்பந்திப் பகுதியின் கண்ணும் காதுமாக வந்து, பாயில் நடுவாக இருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். முறுக்கு நல்லாக வந்தது. பயற்றம் பணியாரமும் குறை சொல்ல முடியாமல் வந்தது. சின்னத்தங்கம் ஒன்றைக் கையில் எடுத்து, பாரம் பார்ப்பவர்போல வைத்திருந்து, தலையசைத்தார்.

அன்னப்பிள்ளையின் கண் காலையிலிருந்து மச்சாளின் கைகளை விட்டு அசையவில்லை. அந்தக் கைகள் தேங்காய் துருவின, சுளகு தட்டின, புகைந்த விறகை இழுத்துவிட்டன. பிழையாக ஒன்றும் செய்யவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அரியதர மாவை முதல் நாளே அன்னப்பிள்ளைதான் பிசைந்து மூடி வைத்திருந்தாள். பிசையும்போது கையில் ஒரு வழுக்கல் தெரிந்தது. கூப்பன் சீனி அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது மூடியைத் திறந்து, பெண்கள் ஆளுக்கொரு உருண்டை எடுத்துத் தட்டத் தொடங்கினார்கள்.

தேவமலரும் ஓர் உருண்டை எடுத்தாள். தட்டப் போனவள் நிறுத்தினாள். இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு ஒரு துளி கிள்ளி வாயில் வைத்தாள்.

பிள்ளையாருக்குப் படைக்கவில்லை. இன்னும் எண்ணெயில்கூடப் போடவில்லை.

வாயில் வைத்தவள் தலையை நிமிர்த்திக் கொட்டில் வாசலைப் பார்த்தாள். அங்கே முத்துக்குமாரு விறகு கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணனும் தங்கையும் ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் உருண்டையைத் தட்டத்தில் திரும்ப வைத்து, கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளிப் போய் இருந்தாள்.

இதையெல்லாம் அன்னப்பிள்ளை கண்டாள். வேறு யாரும் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் அரியதரத்தை அவளே எண்ணெயில் விட்டாள். அது கீழே போய், மேலே வந்து, வட்டமாக நின்றது. பிறகு ஓரம் கிழிந்தது. நடு பிளந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே குருணை குருணையாகப் பிரிந்து எண்ணெய்த் தாச்சி முழுவதும் பரவியது. எண்ணெய் நுரைத்துப் பொங்கியது. வடித்து அள்ளிவிட்டு இன்னொன்று விட்டாள். அதுவும் அப்படியே போயிற்று. மூன்றாவதைச் சின்னத்தங்கமே எழுந்து வந்து தட்டி விட்டார். அதுவும் நிற்கவில்லை.

சின்னத்தங்கம் கையைக் கழுவிக்கொண்டு, பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்: "எச்சில் பட்ட மா இப்பிடித்தான் போறது."

5

(இந்த இடத்தைப் பலமுறை எழுதினேன். ஒரு படியில் அன்னப்பிள்ளை அழுதாள். இன்னொன்றில் மயங்கி விழுந்தாள். இரண்டுமே அவளை நல்லவளாகக் காட்ட நான் பார்த்த வேலை. கீழே உள்ளதுதான் அவளுக்குப் பொருந்துகிறது.)

அன்னப்பிள்ளை கண்ணகப்பையைத் தாச்சியின் மேல் குறுக்காக வைத்தாள். சத்தமாகப் பேசவில்லை. "மச்சாள், நீர் எழும்பும்" என்றாள்.

தேவமலர் எழுந்தாள்.

"பிள்ளையாருக்கு வைக்க முதல் நீர் வாயிலை வைச்சனீர். நான் கண்டனான்."

"ஓம். வைச்சனான்."

"ஏன் வைச்சனீர்?"

தேவமலர் வாசலைப் பார்த்தாள். முத்துக்குமாரு ஒரு விறகுக் கட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். அடுக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. பெண்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவள் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

அவள் வாயைத் திறக்காததால் அன்னப்பிள்ளையே தொடர்ந்தாள். நல்ல மனதோடு வந்தவள் இப்படிச் செய்யமாட்டாள் என்றாள். தன் பிள்ளைக்குக் கிடைக்காதது பிறன் பிள்ளைக்கும் முழுசாகக் கிடைக்கக் கூடாது என்று வந்தவள் என்றாள். சபையில் யாரும் தடுக்கவில்லை. கடைசியில் படலையைக் காட்டினாள்.

தேவமலர் செருப்பில்லாத காலோடு முற்றத்து வெயிலில் இறங்கி, அண்ணனைக் கடந்து போனாள். மானிப்பாயில் பஸ் எடுக்கும்வரை நடந்துதான் போயிருக்க வேண்டும். முத்துக்குமாரு வண்டில் கட்டவில்லை.

6

வாசகரே, இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அரியதரம் ஏன் கரைந்தது?

தேவமலரின் கண்ணூறு என்றால் கதை இங்கேயே முடிந்தது. அதை நான் மாற்றினால் அந்தக் காலத்துச் சனங்கள் கோபிப்பார்கள். பெட்டகத்தின் மேல் இருக்கும் பேணியை நீங்கள் சந்தேகித்திருந்தால் அது நியாயம். அதை அப்படித்தான் எழுதினேன். ஆனால் அது திறக்கப்படவே இல்லை. முத்துக்குமாருவை நீங்கள் கவனித்திருந்தால் நீங்கள் அன்னப்பிள்ளையைவிடக் கெட்டிக்காரர். அவளுக்குக் கணவரைச் சந்தேகிக்கும் பழக்கம் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, கடகத்தில் மிஞ்சிய மாவை வீணாக்க மனமில்லாமல், பசுவுக்குக் கஞ்சி காய்ச்சுவோம் என்று அவள் ஒரு சட்டியில் கொதிதண்ணீரில் அதைக் கரைத்தாள். அரிசி மாக் கஞ்சி பாலைப்போல வெள்ளையாக இருக்கும். இது கண்ணாடியைப்போல ஆனது. அகப்பையைத் தூக்கினால் நூல் நூலாக இழுபட்டது. புத்தகம் ஒட்டும் பசை. இந்தப் பசையை அவள் அறிவாள். அரிசி கிடையாத வீடுகளில் கிழங்கைச் சீவிக் காயவைத்து இடிக்கும் மரவள்ளி மாவின் பசை அது.

அவள் சட்டியோடு எழுந்து, மாட்டுக் கொட்டிலில் நின்ற கணவரிடம் போனாள். சட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

முத்துக்குமாரு சட்டியடியில் குந்தினார். பிறகு சொன்னார். கேட்ட அளவுக்குப் பாதிகூடக் கிடைக்கவில்லை. கலியாணப் பெட்டிகள் குறைந்தால் சம்பந்திகள் என்ன நினைப்பார்கள் என்று பயந்து, மற்றப் பாதிக்கு மரவள்ளி மாவைக் கலந்துவிட்டார். நிறம் ஒன்றுதானே என்று நினைத்தார். எண்ணெயில் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு எங்கே தெரியும்.

"உங்கடை தங்கச்சியை நான் நாய் கலைக்கிற மாதிரிக் கலைச்சன். நீங்கள் பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"மாப்பிள்ளை பகுதி ஆள் இருக்கேக்கை நான் எப்பிடியப்பா சொல்லிறது" என்றார் அவர். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில்: "அவளுக்குத் தெரியும். வாயிலை வைச்சவுடனை தெரிஞ்சிட்டுது."

அன்னப்பிள்ளை வீட்டுக்குள் போய்ப் பெட்டகத்தின் மேலிருந்த பேணியை இறக்கித் திறந்தாள். உள்ளே சீனி இருந்தது. ஒரு வாத்தியார் வீட்டுக் கூப்பன் சீனியை, தேத்தண்ணிக்குப் போடாமல் மிச்சம் பிடித்தால் சேரக்கூடிய அளவு.

(சீனி வேண்டாமென்று ஒருமுறை வெட்டினேன். தேவமலரை அளவுக்கு மிஞ்சி நல்லவளாக்குகிறது. மண்ணெண்ணெய் என்று மாற்றிப் பார்த்தேன், அபத்தமாக இருந்தது. பலகாரச் சூட்டுக்கு வருகிற ஒரு பெண் அந்த வருடத்தில் வேறு எதைக் கொண்டுவருவாள்? சீனியே இருக்கட்டும். ஆனால் அதைக் கண்டவுடன் உருகிவிடாதீர்கள். அன்னப்பிள்ளை உருகவில்லை. அவள் மனதில் அப்போது ஓடியதைச் சொல்கிறேன்.)

அவள் நினைத்தாள்: தெரிந்துகொண்டு ஏன் வாயைத் திறக்கவில்லை? 'மா கலப்படம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பியிருப்பாள். அண்ணனின் மானம் போகக் கூடாது என்று இருந்தாளா? அல்லது நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லட்டும், சபையெல்லாம் கேட்கட்டும், பிறகு உண்மை தெரிய வரும்போது இந்த வீடு ஆயுளுக்கும் தன் காலடியில் கிடக்கட்டும் என்று இருந்தாளா? அப்படியானால் அவள் அடித்த அடிதான் பெரிய அடி. அதற்குத் திருப்பி அடிக்கவும் முடியாது.

நான் எதிர்பார்க்காத இடம் இது. உண்மை வெளியே வந்தால் சந்தேகம் போய்விடும் என்று எண்ணித்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அது போகவில்லை. எழும்பி அடுத்த பாயில் போய் இருந்துகொண்டது.

7

மறுநாள் காலையில் வண்டில் கட்டி, புருஷனும் பெண்சாதியும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கூடாகக் கொழும்புத்துறைக்குப் போனார்கள். பட்டினத்தில் கூப்பன் கடை வாசலில் சனம் நின்றது. துறையை அண்டியதும் மீன் காயும் வாடை வந்தது. அன்னப்பிள்ளை அந்த வீட்டுக்கு முன்பு வந்ததே இல்லை.

நேசையா வெளியே வந்து வரவேற்று, கதிரைகளைத் துடைத்துப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதென்று போய்விட்டார். அவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. தேவமலர் குசினியில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, கைமண்ணைத் தட்டிவிட்டு நின்றாள்.

மன்னிப்புக் கேட்பதற்கென்று வண்டிலில் வரும்போதே அன்னப்பிள்ளை வார்த்தைகளை ஒழுங்குபண்ணி வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது வேறுதான் வந்தது. "மா மரவள்ளி எண்டு உமக்குத் தெரியும், என்ன?"

"ஓம். நாங்கள் ஒவ்வொரு நாளும் தின்னுறது தானே, மச்சாள்."

முத்துக்குமாரு தலையைக் குனிந்துகொண்டு, இன்னொரு நாள் சூடு வைக்கப் போவதாகவும், இனிக் கிடைக்கிற அளவுக்குப் பச்சரிசி மட்டும் போட்டுக் கொஞ்சமாகச் சுடப் போவதாகவும், அதற்கு நாயகி வர வேண்டும் என்றும் சொன்னார். தேவமலர் அவரைப் பார்க்காமல் அன்னப்பிள்ளையைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"வாறன். ஆனா அண்டைக்கு இருந்த எல்லாரும் இருக்கோணும். மாப்பிள்ளையின்ரை பெரியம்மாவும் இருக்கோணும்."

வேறெதையும் கேட்கவில்லை. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். அதில் சீனி இல்லை. கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டு வைத்திருந்தாள்.

(அவள் கேட்டது என்னவென்று அன்னப்பிள்ளைக்கு விளங்கியது. சபையில் போன மானம் சபையில்தான் திரும்ப வேண்டும். ஆனால் அதைச் சொல்வதென்றால் முத்துக்குமாருவின் மானம் போகும். கலியாணமும் போகலாம், மரவள்ளி மாவில் பலகாரம் சுட்ட வீட்டில் பெண் எடுப்பதா என்று சின்னத்தங்கம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதைத் தெரிந்துகொண்டுதான் தேவமலர் கேட்டாளா? இந்த இடத்தில் நான் அவளை அன்னப்பிள்ளையைவிடக் கூடுதலாகச் சந்தேகிக்கிறேன்.)

8

இரண்டாவது சூட்டுக்கு எல்லாரும் வந்தார்கள். என்ன நடக்கிறதென்று பார்க்கும் ஆவலே அதிகம். சின்னத்தங்கம் முன்பு இருந்த அதே இடத்தில் இருந்தார். இந்த முறை வெற்றிலை மடிக்கவில்லை.

தேவமலர் படலையைத் திறந்து வந்து, நேரே கொட்டிலுக்குள் நுழைந்தாள். தாச்சியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"உவ ஏன் திரும்பவும்?" என்று சின்னத்தங்கம் கேட்டார். கேட்டது அன்னப்பிள்ளையிடம்.

பத்மாசினி யன்னலுக்குப் பின்னால் நின்றாள். முத்துக்குமாரு வாசலில் நின்றார். இந்த முறை கையில் விறகு இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

(முதலில் எழுதியது: 'அவர்தான் கலந்தார்' என்று அன்னப்பிள்ளை கணவரைக் கைகாட்டினாள். வெட்டினேன், அது பழி தீர்ப்பது. பிறகு எழுதியது: 'நான்தான் கலந்தேன்' என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அதையும் வெட்டினேன். அது மச்சாளோடு நல்லவளாவதற்குப் போட்டி போடுவது. அந்தப் போட்டியில் இறங்கக் கூடியவள்தான் அவள். மூன்றாவதை அவள் வாயில் நான் வைக்கவில்லை. அது தானாக வந்தது.)

அன்னப்பிள்ளை சொன்னாள்: "அண்டைக்கு மாவிலை மரவள்ளி கலந்திருந்தது. நாங்கள் தான் கலந்தம். மச்சாளிலை ஒரு பிழையும் இல்லை. அவவை நான் பேசினது பிழை."

சொல்லிவிட்டு அவள் எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துக்குமாரு கொட்டிலைத் தாங்கிய வாசல் கப்பைப் பிடித்துக்கொண்டார். கொட்டிலில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சின்னத்தங்கத்தின் பக்கம் திரும்பினார்கள்.

சின்னத்தங்கம் அவசரப்படவில்லை. வெற்றிலைத் தட்டத்தைத் தன்பக்கம் இழுத்தார். ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவினார்.

"எவ்வளவுக்கு எவ்வளவு கலந்தனீங்கள்?"

"பாதிக்குப் பாதி" என்றார் முத்துக்குமாரு வாசலிலிருந்து. அந்தக் கொட்டிலுக்குள் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"அது கூடிப்போச்சு" என்றார் சின்னத்தங்கம். "எங்கடை வீட்டிலை முறுக்குக்கு நாலிலை ஒண்டுதான் சேர்க்கிறனாங்கள். அரியதரத்துக்கு ஒருக்காலும் சேராது."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். பின்னால் இருந்த ஒருத்தி தன் வீட்டில் தோசைக்கே

(இல்லை. மற்ற வீடுகளின் இரகசியம் எனக்கு வேண்டாம்.)

அரியதரம் சுட்டார்கள். அன்னப்பிள்ளை தட்டினாள், தேவமலர் தாச்சியடியில் இருந்து எடுத்தாள். பிள்ளையாருக்கு வைத்தார்கள். பெட்டிகள் குறைவாகத்தான் நிறைந்தன. குறை சொல்ல ஆளிருக்கவில்லை. பத்மாசினிக்கும் தம்பிஐயாவுக்கும் வைத்த நாளில் கலியாணம் நடந்தது. தேவமலரும் நேசையாவும் ஜோர்ஜும் வந்திருந்தார்கள். ஜோர்ஜ் பந்தியில் பரிமாறினான். அதில் மறைவான துக்கம் எதையும் நான் வைக்கவில்லை.

9

நல்ல கதையென்றால் மேலே உள்ள பந்தியோடு நின்றிருக்கும். ஆனால் இரண்டாவது சூடு முடிந்த அன்று, தேவமலர் வீட்டுக்குப் புறப்படும்போது நடந்த ஒன்று மிச்சமிருக்கிறது. அதை எழுதாமல் தப்பப் பார்த்தேன், முடியவில்லை.

இந்த முறை முத்துக்குமாரு வண்டில் கட்டியிருந்தார். தானே ஓட்டிப்போய் விடுவதாக முன்னால் ஏறி இருந்தார். தேவமலர் பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தாள். அன்னப்பிள்ளை படலை வரை வந்தாள். முகத்தில் அடுப்புக் கரி, சீலையில் எண்ணெய்க் கறை. ஒரு கையால் வண்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நாள் முழுவதும் வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அண்டைக்கு ஏன் மச்சாள் நீர் வாய் திறக்கேல்லை?"

தேவமலர் பதில் சொன்னாள்.

அந்தப் பதிலை நான் எழுதிப் பார்த்தேன். 'அண்ணையின்ரை முகம் விழக் கூடாதெண்டுதான்' என்று எழுதினேன். அவளை நம்ப முடியவில்லை. 'என்ரை பிள்ளைக்கு நீங்கள் சொன்ன சொல்லை நான் சுமந்தனான். நீங்களும் ஒண்டைச் சுமந்து பாருங்கோ எண்டு' என்று எழுதினேன். அப்போது நம்ப முடிந்தது. ஆனால் சீனிப் பேணியைக் கொண்டுவந்தவள் வேறு யாரோ ஆகிவிட்டாள். 'நான் சொன்னால் ஆர் நம்பியிருப்பினம், மச்சாள்' என்று எழுதினேன். அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமாக இருந்தது. அதையும் வெட்டிவிட்டேன்.

யன்னலில் நின்ற பத்மாசினிக்குப் பதில் கேட்கவில்லை, தூரம். மாமியின் உதடுகள் அசைவதை மட்டும் கண்டாள். சின்னப் பதில்தான். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியது. அப்பாவுக்குக் கட்டாயம் கேட்டிருக்கும். ஆனால் அவர் மாட்டின் முதுகைப் பார்த்தபடி திரும்பாமலே இருந்தார்.

பதிலைக் கேட்ட அன்னப்பிள்ளை சட்டத்திலிருந்து கையை எடுக்கவில்லை. வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்; முற்றத்தில் கழுவாத தாச்சி கிடந்தது, மூடாத பெட்டிகள் கிடந்தன. பிறகு சீலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கரி முகத்தோடும் எண்ணெய்க் கறையோடும் வண்டிலில் ஏறி மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்தாள். தேவமலர் பெட்டியை ஒருபக்கமாக நகர்த்தி இடம் கொடுத்தாள். முத்துக்குமாரு மாட்டைத் தட்டினார். வண்டில் கொழும்புத்துறை நோக்கிப் போனது.

அவர்கள் வழியில் கதைத்தார்களா, சண்டை பிடித்தார்களா, அன்னப்பிள்ளை எப்போது திரும்பி வந்தாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. என்ன பதிலைக் கேட்டால் அன்னப்பிள்ளையைப் போன்ற ஒருத்தி கலியாண வீட்டைத் திறந்தபடி போட்டுவிட்டு வண்டிலில் ஏறுவாள்? அவளை இப்போது உங்களுக்கும் தெரியும். தேவமலரையும் தெரியும். கீழே ஒரு வரியை நீங்கள் முடிக்க விட்டிருக்கிறேன்.

தேவமலர் சொன்னாள்: "